வாக்குத்தத்த அட்டையின் பின்பக்கம்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது கையில் ஒரு வாக்குத்தத்த அட்டை இருக்கும். வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் பக்கத்துச் சபைகளுக்குப் போகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முன்பக்கம் ஒரு வசனம், ஒரு பூப்படம், சபையின் பெயர். பின்பக்கம் ஒன்றுமில்லை. வருஷம் முழுக்க அந்த அட்டை வேதாகமத்துக்குள்ளேயோ பீரோ கதவிலேயோ இருக்கும், பின்பக்கம் கடைசிவரை வெள்ளையாகவே கிடக்கும். அங்கே என்ன எழுதலாம், எப்படி எழுதினால் ஜனவரி தாண்டியும் நிற்கும் என்பதுதான் இந்தப் பதிவு. அட்டை தரும் வழக்கம் இல்லாத சபையென்றால் ஒரு போஸ்ட்கார்டு அளவு தாள் போதும்.

முன்பக்கம் தேவன் சொன்னது. பின்பக்கம் அதற்கு நாம் சொல்லும் பதில்: ‘இப்படி நடப்பேன், இதைச் செய்யமாட்டேன்’ என்கிற தீர்மானங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. யாத்திராகமம் 20-ஐத் திறந்து பாருங்கள். பத்துக் கட்டளைகளில் முதலாவது வருவது 3-ஆம் வசனத்தில். அதற்கு முன்பே 2-ஆம் வசனத்தில், எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து உன்னைப் புறப்படப்பண்ணின உன் தேவன் நானே என்று கர்த்தர் சொல்லிவிடுகிறார். விடுதலை முதலில் நடந்து முடிந்தது, எப்படி வாழ்வது என்பது பிறகு வந்தது. ‘இவற்றைக் காத்தால்தான் தேவன் என்னை ஏற்றுக்கொள்வார்’ என்று தலைகீழாக எழுதத் தொடங்கினால், காக்க முடிந்த வாரம் பெருமை வரும், முடியாத வாரம் சபைப் பக்கம் போகவே கூசும். இரண்டுக்கும் வேர் ஒன்றே.

அமெரிக்கப் போதகர் ஜோனத்தான் எட்வர்ட்ஸ் 1722, 1723 ஆண்டுகளில், இருபது வயது நிறையும் முன்பே, 70 தீர்மானங்கள் எழுதினார். இன்றும் பல ஊழியர்கள் அந்த எண்ணிக்கையைச் சொல்லி வியப்பார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, அவற்றின் தலையில் அவர் எழுதி வைத்த முகவுரை. தேவனுடைய உதவியில்லாமல் தன்னால் ஒன்றும் ஆகாது என்று அதில் ஒப்புக்கொள்கிறார். வாரம் ஒருமுறை இவற்றை வாசிக்க வேண்டும் என்றும் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். அந்த முகவுரையை விட்டுவிட்டு 70-ஐ மட்டும் நகலெடுத்தால் இரண்டாம் வாரமே மூச்சு முட்டும்.

தீர்மானத்தையும் பொருத்தனையையும் நாம் அடிக்கடி குழப்பிக்கொள்கிறோம். பொருத்தனைக்குள் பெரும்பாலும் ஒரு நிபந்தனை இருக்கும்: பையனுக்கு வேலை கிடைத்தால் இதைச் செய்கிறேன், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் அதைக் கொடுக்கிறேன். நெருக்கடியில் வாய்விட்டுச் சொன்ன பொருத்தனை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நியாயாதிபதிகள் 11-இல், அப்படிச் சொல்லித் தன் ஒரே மகளையே இழந்த யெப்தா இருக்கிறான். நேர்ந்துகொண்டதைச் செய்யாமற்போவதைவிட நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம் என்கிறது பிரசங்கி 5:5. தீர்மானத்தில் பேரம் இல்லை. கேட்டது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நடக்கும் வழி அது. ஏற்கெனவே செய்த நியாயமான பொருத்தனை ஏதாவது பாக்கி இருந்தால், புதிய தீர்மானம் எழுதுவதற்கு முன் அதை முடித்துவிடுங்கள். முடிக்கவே முடியாததாக இருந்தால் ஆயரிடமோ பங்குத் தந்தையிடமோ போய்ப் பேசுங்கள். அந்தப் பாரத்தோடு அட்டையை எடுத்தால் கை ஓடாது.

தீர்மானத்துக்கு வேதத்திலேயே நல்ல மாதிரி தானியேல் 1-ஆம் அதிகாரம். அவன் பாபிலோனில் எல்லாவற்றையும் மறுக்கவில்லை. கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் படித்தான், பெல்தெஷாத்சார் என்ற பெயரால் அழைக்கப்பட்டான். ராஜாவின் போஜனம், ராஜாவின் திராட்சரசம் என்று ஒரே ஒரு இடத்தில் கோடு போட்டான். அதை இருதயத்தில் முடிவு செய்த பிறகு பொறுப்பிலிருந்தவரிடம் பணிவாகக் கேட்டான். வேண்டாம் என்று மட்டும் சொல்லாமல், பருப்பு முதலான மரக்கறிகளும் தண்ணீரும் போதும் என்று மாற்று வைத்தான். பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று காலமும் குறித்தான். இடம், மாற்று, கேட்க வேண்டிய ஆள், நாள் கணக்கு. இந்த நான்கும் இல்லாமல் ‘பரிசுத்தமாக வாழ்வேன்’ என்று அவன் சொல்லியிருந்தால் முதல் நாள் பந்தியிலேயே தடுமாறியிருப்பான் என்றுதான் நினைக்கிறேன்.

ஆகவே ‘அன்பு, பொறுமை, தயவு, சாந்தம்’ என்று நான்கு நல்ல சொற்களை அட்டையில் எழுதாதீர்கள். அவை ஆவியின் கனிக்குரிய சொற்கள், மரத்தில் காய்க்க வேண்டியவை. தீர்மானம் என்பது தண்ணீர் ஊற்றும் வேளையையும் வேலி போடும் இடத்தையும் குறிப்பது.

முதலில் நாம் எந்த இடத்தில் வளைகிறோம் என்று தெரிய வேண்டும். அதற்கு ஒரு 40 பக்க நோட்டும் இரண்டு வாரமும் வேண்டும். மாதம் 24-ஆம் தேதி தொடங்கி அடுத்த மாதம் 7 வரை குறிப்பெடுங்கள். கையில் காசில்லாத கடைசி வாரமும் சம்பளம் வந்த முதல் வாரமும் இதற்குள் வந்துவிடும். ஒரே மனிதர் இந்த இரண்டு வாரங்களிலும் இரண்டு விதமாகத் தவறுவார். ஒரு வாரத்தை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். நோட்டில் மூன்று பத்தி: என்ன நடந்தது, எந்த நேரம் எந்த இடம், அதற்குச் சற்று முன் என்ன இருந்தது. மூன்றாவது பத்திதான் உயிர். ‘பிள்ளையை அடித்தேன்’ என்பதற்கு எதிரே ‘கும்மிடிப்பூண்டி வண்டி லேட், சாப்பிடவில்லை, வந்ததும் தண்ணி வரவில்லை என்று சண்டை’ என்று இருக்கும். அப்படி மூன்று தடவை வந்தால், எழுத வேண்டியது ‘பொறுமையாக இருப்பேன்’ அல்ல. ‘வேலை முடிந்து வந்ததும் கைகால் கழுவி, ஒரு வாய் சாப்பிட்டு, பத்து நிமிஷம் கழித்துத்தான் பிள்ளைகளின் நோட்டைக் கையில் எடுப்பேன்’ என்பது.

நோட்டோடு கூட இன்னும் மூன்று சாட்சிகளைக் கூப்பிடுங்கள். கடந்த மூன்று மாத ஜிபே, பாஸ்புக் கணக்கு. போனில் எந்த ஆப்புக்கு எத்தனை மணி நேரம் போனது என்று காட்டும் பக்கம். அப்புறம் வீட்டில் கூட வாழ்கிறவரிடம் ஒரே கேள்வி: ‘நான் எதை மாத்திக்கிட்டா உனக்கு நிம்மதியா இருக்கும்?’ பதில் வரும்போது இடையில் பேசாதீர்கள். விளக்கம் சொல்லத் தொடங்கினால் அந்தக் கதவு அடைந்துவிடும்.

இரண்டு வாரம் முடிந்ததும் திரும்பத் திரும்ப வரும் இடங்களைச் சுற்றி வட்டம் போடுங்கள். பெரும்பாலும் மூன்று நான்குதான் இருக்கும். அந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு வசனத்தை அதன் அதிகாரம் முழுவதும் வாசித்துத் தேடுங்கள். ஒரு வரியைப் பிய்த்து எடுத்துக்கொண்டால், நமக்குப் பிடித்ததைத் தேவன் சொன்னதாக எழுதிவிடுவோம். சங்கீதம் 15-உம் 101-உம் இதற்கு நல்ல தொடக்கம். இரண்டும் சிறியவை, வீடு, பணம், நாவு என்று நேராகப் பேசுகிறவை.

வாக்கியம் எழுதும்போது அதில் நான்கு பகுதி இருக்கட்டும்: எப்போது அல்லது எங்கே, என்ன செய்வேன் அல்லது செய்யமாட்டேன், விதிவிலக்கு, மீறிவிட்டால் என்ன செய்து சரிசெய்வேன். கடைசிப் பகுதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், தீர்மானம் செத்துப்போவதும் அதனால்தான். வரி வசூலித்த சகேயுவைப் பாருங்கள். லூக்கா 19:8-இல் அவன் ‘இனி திருந்துகிறேன்’ என்று நிறுத்தவில்லை. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினது நாலத்தனையாகத் திரும்ப என்று கணக்குச் சொன்னான்.

நம் பகுதியில் தீர்மானம் அதிகம் தேவைப்படும் இடம் பணம். அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில் ஜாமீன் கையெழுத்து. அக்கம்பக்கம், சபை, சொந்தம் என்று யாராவது கேட்பார்கள். முகத்தைப் பார்த்து மறுக்க முடியாமல் போட்டுவிடுவோம். புத்தியீனன்தான் கையடித்துக்கொடுத்துப் பிணைப்படுகிறான் என்று நீதிமொழிகள் 17:18 சொல்கிறது. அதற்கு முந்தின வசனம், சிநேகிதன் எல்லாக் காலத்திலும் சிநேகிப்பான் என்பது. இரண்டையும் சேர்த்து வாசித்தால் தீர்மானம் இப்படி அமையும்: ‘யாருக்கும் ஜாமீன் கையெழுத்து போடமாட்டேன். கேட்பவருக்கு, திரும்பி வராது என்று எண்ணியே, ₹3,000 வரை கையிலிருப்பதைக் கொடுப்பேன். நானும் உறுப்பினராக இருக்கும் மகளிர் குழுவின் கூட்டுப் பொறுப்பு மட்டும் விலக்கு. மீறிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அன்றே வீட்டில் சொல்லிவிடுவேன்.’ தொகை உங்கள் வருமானத்தைப் பொறுத்தது. சொல்ல வேண்டிய வார்த்தையையும் முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள்: ‘அண்ணா, கையெழுத்து போட்றதில்லன்னு வூட்ல முடிவு பண்ணிட்டோம். இத வெச்சுக்கோங்க, திருப்பித் தர வேணாம்.’ ‘வீட்டில்’ என்ற அந்தச் சொல் உண்மையாக இருக்க வேண்டுமென்றால், கணவனும் மனைவியும் அதை நிஜமாகவே சேர்ந்து முடிவு செய்திருக்க வேண்டும்.

அடுத்தது தண்டல், அதாவது தினமும் வசூலிக்கும் வட்டிக் கடன். ₹10,000 என்று பேசி, பிடித்தம் போக ₹8,500 கையில் வருகிறது, நாளுக்கு ₹100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும் என்று வையுங்கள். 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாக நம் கையில் இருந்தது சுமார் ₹4,250 மட்டுமே. அதற்கு 100 நாளில் ₹1,500 என்றால் ஏறக்குறைய 35 சதவீதம். ஆண்டுக் கணக்கல்ல, 100 நாளுக்கு. இதில் ‘கடனே வாங்கமாட்டேன்’ என்று எழுதினால் நிற்காது, ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் அன்றைக்கே உடையும். ‘ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கமாட்டேன். தண்டல் எடுக்க நினைத்தால் முதலில் வீட்டிலும் இன்னொருவரிடமும் சொல்லி ஒரு இரவு பொறுப்பேன்’ என்பது நிற்கும். வெட்கத்தில் தனியாக, அவசரமாக வாங்குவதுதான் பெரும்பாலான வலை. அந்த ஒரு இரவு அதை அறுக்கும்.

காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிற குடும்பங்களுக்கு ஒரு கணக்கு. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். வீட்டுச் செலவு நாளுக்கு ₹400 என்றால் ₹24,400 வேண்டும். மீதி மாதங்களில் 200 நாள் மீன் விற்ற பணத்தில் பங்கு கிடைக்கிறது என்று வைத்தால், பங்கு கிடைக்கும் ஒவ்வொரு நாளும் ₹122. ‘பங்கு வாங்கியதும், வீட்டுக்கு வரும் வழியில் எதற்கும் செலவழிக்கும் முன், காணிக்கையும் 122 ரூபாயும் தனியாக எடுத்துவைப்பேன்’ என்பது விசுவாசத் தீர்மானம்தான், வெறும் சிக்கனம் என்று நினைக்காதீர்கள். யோசேப்பு ஏழு வருஷ விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைக்கச் சொன்னதும் தேவன் காட்டியதை வைத்துத்தான்.

தசமபாகம் பற்றி ஒரு எச்சரிக்கை. வாடகை பாக்கி, அம்மாவுக்கு மாத்திரை வாங்கவில்லை, ஆனால் காணிக்கை கொடுத்தாகிவிட்டது என்பது மாற்கு 7-இல் இயேசு கண்டித்த கொர்பான். பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் காணிக்கை என்று சொல்லித் தடுத்தவர்களை அவர் அங்கே நேராகவே கேட்கிறார். கீழே ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்கள் லேவியராகமம் 19:13-ஐயும் அட்டையில் சேர்க்கலாம்: கூலிக்காரனின் கூலி விடியும்வரை நம்மிடம் இருக்கலாகாது. வீட்டுவேலைக்கு வரும் அக்காவுக்கு ‘அடுத்த வாரம் தரேன்’ என்று சொல்கிற வாய் ஞாயிறன்று பாட்டுப் பாடுவது எனக்கு மிகவும் வருத்தமான காட்சி.

வாங்கி விற்கிறவர்களுக்கு ஜான் வெஸ்லி 1743-இல் மெதடிஸ்ட் சங்கங்களுக்கு எழுதிய பொது விதிகள் உதவும். தீமை செய்யாதே, நன்மை செய், தேவன் நியமித்த கிருபையின் சாதனங்களைக் கைக்கொள் என்று தலைப்புகள் மூன்றுதான். ஆனால் முதல் தலைப்பின் கீழே அவர் இறங்கிச் சொல்லும் விவரங்களைப் பாருங்கள்: வரி கட்டாத சரக்கை வாங்குவது விற்பது, வியாபாரத்தில் அதிக வார்த்தை பேசுவது, திருப்பித் தர வழியில்லாமல் கடன் வாங்குவது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் வாழும் நமக்கு இவை 280 வருஷத்துக்கு முந்தினவை போலவே தோன்றாது.

பணத்துக்கு அடுத்தபடி நாவு. அதிலும் கிறிஸ்தவர்களுக்கென்றே ஒரு வழுக்குப் பாறை உண்டு, ஜெபக் குறிப்பு. ‘அவங்க வீட்டுக்காக ஜெபிங்க, பொண்ணு விஷயமா ரொம்பக் கஷ்டப்படறாங்க’ என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போதும், மாலைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். தீர்மானம்: ‘சம்பந்தப்பட்டவர் அனுமதி இல்லாமல் அவர் பிரச்சினையை ஜெபக் குறிப்பாகவும் சொல்லமாட்டேன். சொல்லிவிட்டால் அவரிடமே போய் மன்னிப்புக் கேட்பேன்.’ ஒருவருக்கு ஆபத்து, குழந்தை அடிபடுகிறது என்பது போன்றவை இதற்கு விலக்கு. அவற்றை மறைக்கக் கூடாது, உதவி செய்யக் கூடியவரிடம் உடனே சொல்ல வேண்டும்.

பிள்ளைகளின் கல்யாணப் பேச்சு தொடங்கும் முன்பே எழுதி வைக்க வேண்டியது ஜாதியும் வரதட்சணையும். பேச்சு தொடங்கிய பிறகு எழுத முடியாது, அப்போது சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். கலாத்தியர் 3:28-ஐ மனப்பாடமாகச் சொல்லும் வீட்டில் ‘நம்ம ஆளுங்களா?’ என்ற கேள்வி வருகிறது. வரதட்சணை கேட்பதும் கொடுப்பதும் 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். ‘ஜாதி விசாரிக்கமாட்டோம், நகை ரொக்கம் கேட்கமாட்டோம், தரகரிடம் முதல் நாளே இதைச் சொல்லுவோம்’ என்று மூன்று துண்டாக எழுதுங்கள். மூன்றாவது துண்டு இல்லாவிட்டால் முதல் இரண்டும் கரைந்துவிடும்.

ஞாயிறு ஷிப்ட் உள்ளவர்கள் ‘ஒரு ஞாயிறும் தவறமாட்டேன்’ என்று எழுதாதீர்கள். கண்டெய்னர் ஓட்டுகிறவருக்கும் நர்ஸுக்கும் அது கையில் இல்லை. ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது. வேலை இல்லாத ஒரு நாளில் ஆறு மணி நேரத்தைக் குறித்து, போனை அணைத்து, அந்த வாரம் நடக்கும் ஏதாவது ஒரு ஆராதனையையோ வீட்டு ஜெபத்தையோ உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

குடி பற்றி எழுதுகிறவர்கள் எரேமியா 35-இல் திராட்சரசம் குடிக்க மறுத்த ரேகாபியரை எடுத்துக்கொள்வார்கள், நல்லது. ஆனால் தினமும் அதிகம் குடித்துவந்தவர் தீர்மானம் எடுத்து ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கமும், சிலருக்கு வலிப்பும்கூட வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். அவருடைய அட்டையில் முதல் வரி ‘நாளை காலை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு டாக்டரைப் பார்ப்பேன்’ என்பதாக இருக்கட்டும். கூட ஒருவர் போகட்டும். இது விசுவாசக் குறைவல்ல.

எழுதியவற்றை உடனே அட்டைக்கு மாற்றாதீர்கள். தானியேல் கேட்ட பத்து நாளை நீங்களும் எடுத்துக்கொண்டு நோட்டிலேயே வைத்துச் சோதித்துப் பாருங்கள். பத்தில் ஏழு நாளாவது செய்ய முடிந்தால் வாக்கியம் சரியான அளவில் இருக்கிறது. இரண்டு நாள்தான் முடிந்தது என்றால் பெரும்பாலும் வாக்கியம் பெரிதாக இருக்கிறது. ‘காலை 4 மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம்’ என்பதை ‘5.30-க்குப் போனைத் தொடும் முன் ஒரு சங்கீதம்’ என்று ஆக்குங்கள். பத்து நாளும் எளிதாக முடிந்ததா? அது ஏற்கெனவே உங்கள் பழக்கம், அட்டையில் இடம் வீண். அட்டைக்கு ஐந்து போதும், பொடி எழுத்தில் எழுதாமல் அதற்குமேல் பிடிக்கவும் பிடிக்காது. மூன்றில் தொடங்குவது இன்னும் நல்லது. ஐந்தில் ஒன்றாவது ‘செய்வேன்’ என்று இருக்கட்டும், முழுக்க ‘மாட்டேன்’ என்றே எழுதினால் வீடு காவல் நிலையம் போலாகிவிடும்.

‘என் மனைவி’, ‘என் பையன்’ என்று தொடங்கும் வாக்கியம் இருந்தால் அடித்துவிடுங்கள். தீர்மானத்துக்கு எழுவாய் ‘நான்’ மட்டுமே. ‘நானும் என் வீட்டாரும்’ என்று யோசுவா சொன்னபோதும் ‘நான்’ முன்னால் நின்றது. யாரிடமாவது காட்ட வேண்டும், ஆனால் குழுவில் போடாதீர்கள். ஆண் என்றால் ஒரு ஆணிடம், பெண் என்றால் ஒரு பெண்ணிடம், உங்களைவிடக் கொஞ்சம் மூத்தவராக, வாய் காக்கிறவராகப் பார்த்து ஒரே ஒருவரிடம். மாதம் ஒருமுறை அவர் அட்டையை வாங்கி வாசித்து ‘இது எப்படிப் போகுது?’ என்று கேட்டால் போதும்.

தினசரிச் சோதனைக்கு, இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் சொன்ன முறை கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கும் பயன்படும். அவர் ஒரே நேரத்தில் ஒரே குறையை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். ஒவ்வொரு நாளுக்கும் கோடு போட்டு, தவறியபோதெல்லாம் ஒரு புள்ளி வைத்து, நேற்றோடு இன்றையும் போன வாரத்தோடு இந்த வாரத்தையும் ஒப்பிட வேண்டும். இரவு படுக்கும் முன் ஐந்து நிமிஷம் ஆகும். நன்றியில் தொடங்குங்கள், அதன் பிறகு புள்ளி. நேராகப் புள்ளிக்குப் போனால் மூன்றாம் நாளே நோட்டைத் திறக்க மனம் வராது. சனிக்கிழமை இரவு, ஞாயிறு உடுப்புக்கு இஸ்திரி போட்டு முடித்த கையோடு, அட்டை முழுவதையும் ஒருமுறை வாசியுங்கள்.

மீறின மறுநாள் காலைதான் பெரும்பாலான அட்டைகள் வேதாகமத்துக்குள் போய் வெளியே வராமலே இருந்துவிடுகின்றன. விரும்பாத தீமையையே செய்கிறேன் என்று ரோமர் 7-இல் பவுலே எழுதினார். கர்த்தருடைய இரக்கங்கள் காலைதோறும் புதியவை என்று புலம்பல் 3 சொல்வதும், எருசலேம் எரிந்துபோன பின் எழுதப்பட்டதுதான். தேவனிடம் ஒப்புக்கொள்ளுங்கள். பாதிக்கப்பட்ட ஆள் இருந்தால் அவரிடம் போங்கள், அட்டையில் எழுதின சரிசெய்யும் வேலையை அன்றே செய்யுங்கள். தண்டனையாக இரண்டு மடங்கு உபவாசம், புதிதாக நான்கு தீர்மானம் என்று ஏற்றாதீர்கள். ஒரே வரி ஒரு மாதத்தில் எட்டு, பத்து முறை உடைந்தால் உங்கள் இருதயத்தைக் குற்றம் சொல்லும் முன் நோட்டின் மூன்றாவது பத்தியைத் திரும்பப் பாருங்கள். நேரமோ இடமோ தவறாகக் குறிக்கப்பட்டிருக்கும்.

லெந்து நாட்களில், கத்தோலிக்கருக்குத் தவக்காலத்தில், அட்டையை ஒருமுறை திருத்தலாம். அடுத்தது டிசம்பர் கடைசி வாரம். காக்க முடியாததை அழிக்காதீர்கள். மேலே ஒரே கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் காரணமும் இரண்டு சொல்லில் எழுதுங்கள்: ‘வேலை மாறியது’, ‘அளவு அதிகம்’. பழக்கமாகிவிட்டதற்கு ஒரு டிக் போதும். 31-ஆம் தேதி இரவு புது அட்டை வந்ததும் பழையதை எறியாமல் வேதாகமத்தின் பின் அட்டையில் செருகி வையுங்கள். அடுத்த அட்டையை எழுதும்போது முதலில் எடுத்து வாசிக்க வேண்டியது அதுதான்.